முதுகுக்கு ஏறிய தண்ணீர்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் டூர் டி பிரான்ஸ் மிதிவண்டிப் பந்தயத்தில் ஓடிய வீரர்கள், 'பிடோன்' எனப்பட்ட உலோகக் குடுவைகளைத் தக்கையால் அடைத்து, கைப்பிடியின் முன்புறம் பொருத்திய கம்பிக் கூடுகளில் செருகிச் சென்றனர். பிற்காலத்தில் குடுவை பிளாஸ்டிக் குப்பியாக மாறியது. கூடும் கைப்பிடியை விட்டு, அதன் தண்டிலிருந்து மிதிகட்டை அச்சு வரை சரிந்து இறங்கும் சாய்குழாய்க்கு வந்து சேர்ந்தது. தார்ச்சாலையில் ஒரு கையை விட்டுக் குனிந்து குப்பியை உருவுவது எளிது என்பதால், அந்த ஏற்பாட்டை மாற்றவேண்டிய தேவை நெடுங்காலம் எழவில்லை.

மலை மிதிவண்டிக்கும் தொடக்கத்தில் தண்ணீர் பெரிய சிக்கலாக இருக்கவில்லை. 1976இல் கலிபோர்னியாவின் டமல்பைஸ் மலைப்பகுதியில் தொடங்கிய 'ரீபேக்' பந்தயம், பழைய கனத்த வண்டிகளில் மலைச்சரிவில் இறங்கிச் சில நிமிடங்களில் முடிந்துவிடும் விளையாட்டு. 1981இல் ஸ்டம்ப்ஜம்பர் போன்ற தொழிற்சாலைத் தயாரிப்புகள் வந்து, நாள் முழுதும் காட்டுப்பாதைகளில் அலையும் பழக்கம் பரவிய பின்னரே குப்பியின் குறைகள் வெளிப்பட்டன. கற்களில் மோதும்போது அது கூட்டிலிருந்து தெறித்து விழுந்தது. முன்சக்கரம் வாரியிறைக்கும் சேறும், மேய்ச்சல் நிலமாயின் சாணமும், வாய் வைத்துக் குடிக்கும் மூடியின் மேலேயே படிந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, குடிப்பதற்குக் கையை எடுக்கக்கூடிய சமதளம் அரிதாகவே வாய்த்தது.

இதற்கான தீர்வு மலையில் பிறக்கவில்லை என்பதுதான் இவ்வரலாற்றின் வியப்பு. வட டெக்சாசின் விச்சிடா ஃபால்ஸ் நகரில், ஆகஸ்ட் மாதக் கொடுவெயிலில் 100 மைல் ஓடும் 'ஹாட்டர் அன் ஹெல் ஹண்ட்ரட்' என்னும் சாலைப் பயணம் 1982 முதல் நடந்துவருகிறது. 1980களின் பிற்பகுதியில் அதில் கலந்துகொண்ட மைக்கேல் ஐட்சன், அவசர மருத்துவ உதவியாளராக இருந்ததால், நோயாளிகளுக்குச் சிரைவழி உப்புநீர் ஏற்றும் பையைத் தண்ணீரால் நிரப்பி, நீண்ட காலுறைக்குள் நுழைத்துச் சட்டையின் முதுகில் தைத்துக்கொண்டு, அதன் குழாயைத் தோளுக்கு மேலாகக் கொண்டுவந்து துணி உலர்த்தும் கிளிப்பால் நிறுத்தினார். கையை எடுக்காமலே உறிஞ்சும் இந்த ஏற்பாடே கேமல்பேக் என்ற வணிகப் பொருளாயிற்று; கடித்தால் திறந்து, விட்டால் மூடிக்கொள்ளும் வாய்த்தடுப்பு பிறகு அதனுடன் சேர்ந்தது.

தோற்றத்தில் கண்டிப்பு மிக்க சாலை ஓட்டுநர்கள் முதுகுப் பையை ஏளனமாகவே பார்த்தனர். மலை ஓட்டுநர்களோ, கருவிகளும் உணவும் அதிலேயே அடங்கும் என்பதாலும், இரு சக்கரங்களுக்கும் அதிர்வுதாங்கி வைத்த 1990களின் வண்டிகளில் குப்பிக்குரிய இடத்தையே அதிர்வுதாங்கி பிடித்துக்கொண்டதாலும், அதைத் தமதாக்கிக்கொண்டனர். ஓடைநீரை அப்படியே குடித்தால் ஜியார்டியா என்னும் குடல் ஒட்டுண்ணி தொற்றக்கூடும் என்பதால், நீரைச் சுமந்தே செல்லவேண்டியதாயிற்று.

ஆயினும் மூன்று லிட்டர் நீர் என்பது மூன்று கிலோ எடை. அது முதுகில் ஏறும்போது உடலின் எடைமையம் உயர்கிறது, முதுகு வியர்க்கிறது, கழுவாத குழாயில் பூஞ்சை பிடிக்கிறது. ஆகவே 2010களில் பலர் இடுப்புப் பைக்கு மாறினர். வடிவமைப்பாளர்களும் அதிர்வுதாங்கியை இடம் மாற்றிச் சட்டகத்துக்குள் குப்பிக்கு மீண்டும் இடம் ஒதுக்கினர். யூட்டா மாநிலத்தின் மோவாப் போன்ற வறண்ட மணற்பாறைப் பகுதிகளில், ஒன்றிரண்டு குப்பிகள் ஒரு நாளுக்குப் போதாது என்பதால், முதுகுப் பை இன்னும் நீடிக்கிறது.