ரொமான் ரதுஷ்னி

ரொமான் ரதுஷ்னி (5 ஜூலை 1997 – 9 ஜூன் 2022): உக்ரைனியச் சமூகச் செயற்பாட்டாளர், போர்வீரர். கீவ் நகரில் பிறந்தவர். தாய் எழுத்தாளர் சுவித்லானா பொவல்யாயெவா. 2013 நவம்பர் 30 அன்று கீவின் மைதான் சதுக்கத்தில் நடந்த அரசெதிர்ப்புப் போராட்டத்தில் சிறப்புக் காவல் படையினரிடம் அடிபட்ட மாணவர்களுள் இவரும் ஒருவர்; அப்போது வயது 16.

பெயர் பரவியது, நகர நடுவிலுள்ள புரோதாசிவ் யார் என்ற பசுஞ்சரிவைக் காக்க நடத்திய போராட்டத்தால். அங்கே அடுக்குமாடிக் கட்டடங்கள் எழவிருந்தன. அண்டை வீட்டாரைத் திரட்டினார், வழக்குமன்றம் ஏறினார், கொலை மிரட்டலுக்கு அஞ்சிச் சிலகாலம் தலைமறைவாகவும் இருந்தார். கட்டுமானம் நின்றது. போர்க்களத்துக்கு நிகராக எண்ணத்தக்க பணி இது. வீரர் என்ற அடைமொழி இதை மறைத்துவிடக் கூடாது.

2022 பிப்ரவரியில் ரஷ்யா முழு அளவில் படையெடுத்ததும் ஆயுதம் ஏந்தினார். 93ஆவது இயந்திரமயப் படைப்பிரிவில் உளவு வீரரானார். கார்கிவ் மாகாணத்தின் இசியூம் அருகே, 25 வயது நிறையும் முன்பே கொல்லப்பட்டார். கீவின் பைகொவே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அதே ஆண்டில் கீவின் வோல்கோகிராத் தெருவுக்கு இவர் பெயர் சூட்டப்பட்டது.