காணாத உதடு: எறும்புண்ணிச் சிலந்தி ஒன்றின் வகைப்பாட்டு வரலாறு

பிரேசிலில் ஆமை எறும்புகள் ஊரும் மரக்கிளையில் அவற்றைப் போலவே கரிய, சொரசொரப்பான உடலோடு ஒரு சிலந்தி திரிகிறது. அதன் உணவும் அந்த எறும்புகளே. அஃபாண்டோகைலஸ் ரோஜர்சி என்னும் இச்சிற்றினம் 1870-இல் பெயர் பெற்றது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, தனிக் குடும்பம் என்றும் நண்டுச் சிலந்திகளின் துணைக்குடும்பம் என்றும் அதன் இடம் மாறிக்கொண்டே இருந்தது. சிலந்தியின் உடல் மாறவில்லை. அந்த உடலில் எந்த உறுப்பை உறவுக்குச் சான்றாகக் கொள்வது என்ற கருத்துதான் மாறியது. அந்த மாற்றத்தின் தடத்தை இக்கட்டுரை பின்தொடர்கிறது.

பெயரில் நின்ற உறுப்பு

இச்சிற்றினத்தை விவரித்தவர் இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், பிளாக்ஸ்வொர்த் ஊரில் பாதிரியாராக இருந்த ஆக்டேவியஸ் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ். பொதுவாகச் சிலந்தியைக் கவிழ்த்துப் பார்த்தால், வாயின் இருபுறமும் இரு தாடைத் தகடுகளும் அவற்றின் நடுவே கீழுதடு என்னும் சிறு தகடும் தெரியும். இந்தச் சிலந்தியிலோ தாடைத் தகடுகள் நெருங்கி நிற்க, கீழுதடு கண்ணில் படாத அளவுக்குச் சுருங்கியுள்ளது. 'காணாத', 'உதடு' என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து அவர் பேரினப் பெயரை அமைத்தார். சுவீடன் அறிஞர் தோரெல் 1873-இல் இதற்கென ஒரு குடும்பத்தையே நிறுவினார். விந்தையான உறுப்புக்குத் தனி இடம் தருவது அக்காலத்து வழக்கம்.

சீமோனின் மாற்றுப் பார்வை

பிரெஞ்சு அறிஞர் யூஜின் சீமோன் 1895-இல் இதை நண்டுச் சிலந்திக் குடும்பமான தோமிசிடேயின் ஒரு துணைக்குடும்பமாக்கினார். பக்கவாட்டில் நகரும் பிலோட்ரோமஸ் வகைச் சிலந்திகளையும் அதே குடும்பத்தில் வைத்தார். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் தோரெலின் தனிக் குடும்பம் மீண்டும் புழக்கத்துக்கு வந்தது. பிரேசில் ஆய்வாளர்கள் ஒலிவேராவும் சாசிமாவும் 1984-இல் இச்சிலந்தியின் எறும்புப் போலித்தோற்றம் குறித்து எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே அந்தக் குடும்பப் பெயர் காணப்படுகிறது. ஆமை எறும்பு இனக்குழுவைத் தவிர வேறு எறும்புகளை இது இரையாக ஏற்பதில்லை, பெரும்பாலும் பின்புறமிருந்தே தாக்குகிறது, கொன்ற எறும்பின் உடலைக் கேடயம்போல் தூக்கிப் பிடித்து மற்ற எறும்புகளிடமிருந்து தப்புகிறது ஆகிய செய்திகளை அவர்கள் பதிவு செய்தனர்.

பொது உறுப்புகளின் பக்கம்

இதற்கிடையில் வகைப்பாட்டின் தர்க்கமே மாறியிருந்தது. ஜெர்மானியப் பூச்சியியலாளர் வில்லி ஹென்னிக் 1950-இல் முன்வைத்த முறை, 1966-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபின் பரவலாயிற்று. ஒரே மூதாதையிடமிருந்து பல இனங்கள் பெற்ற புதுப் பண்புகளே உறவைக் காட்டும். ஒரே கிளையில் மட்டும் தோன்றிய பண்பு அக்கிளையை அடையாளம் காட்டுமே தவிர, அதன் உறவினர் யாரென்று சொல்லாது. வீட்டில் ஒரு பிள்ளைக்கு மட்டும் ஆறு விரல் என்பதற்காக அதை வேறு வீட்டுப் பிள்ளை என்போமா?

இந்த அளவுகோலில் காணாத உதடு வலுவிழந்தது. எறும்பைப் போன்ற உருவமும் அப்படியே. அது எறும்பை ஒட்டி அமைந்தது. நண்டுச் சிலந்திகளைப் பொறுத்தவரை, மேடுகளின்மேல் அமைந்த பக்கக் கண்கள், ஆணின் உணர்காலில் உள்ள முனைப்புகள், அதன் விந்து செலுத்தும் உறுப்பின் தட்டையான வட்ட வடிவம் போன்றவையே கவனத்துக்குரியவை. இவற்றுள் உணர்கால் உறுப்புகள் இனச்சேர்க்கைக்கு உரியவை. இரையைப் பார்த்து மாறுபவை அல்ல. ஜப்பானிய அறிஞர் ஹிரோட்சுகு ஓனோ 1988-இல் இச்சிலந்தியை மீண்டும் தோமிசிடேயில் சேர்த்தார்.

அடுத்த சான்று மரபணுவிலிருந்து வந்தது. இன்று கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வுகள் தேசிய நிறுவனத்தில் பணிபுரியும் இலங்கை அறிஞர் சுரேஷ் பெஞ்சமின், மூவரோடு சேர்ந்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு, மூன்று மரபணுக்களைக் கொண்டு நண்டுச் சிலந்திகளின் உறவுகளை ஆராய்ந்தது. எறும்பு வேடமிட்ட சிலந்தி குடும்பத்துக்குள் நிலைத்தது. பார்வைக்கு நண்டுச் சிலந்தியை ஒத்த பிலோட்ரோமஸ் வகையோ தூரத்து உறவு என்று தெரிந்தது. 2011-இல் பெஞ்சமின் உடற்கூற்றுப் பண்புகளை விரிவாக ஒப்பிட்டு இக்குடும்பத்தின் உறவுகளை மீண்டும் ஆராய்ந்தார். சீமோன் 1895-இல் வகுத்த பிரிவுகளைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2014-இல் மறு ஆய்வுக்கு உட்படுத்தினர். எந்தக் குடும்பம் என்ற கேள்வி தீர்ந்து, குடும்பத்துக்குள் யாருக்கு யார் நெருக்கம் என்ற கேள்வி எழுந்திருந்தது.

முடிவுரை

எறும்பு வேடம் தனிக் குடும்பத்துக்குச் சான்றல்ல என்பதற்கு வேறோர் எடுத்துக்காட்டும் உண்டு: நம் ஊர் முசுறு எறும்பைப் போல வேடமிட்டு அதையே தின்னும் அமிசியா சிலந்தியும் இதே தோமிசிடே குடும்பம்தான். இன்னொன்றும் கருதத்தக்கது. பெரும்பாலான நண்டுச் சிலந்திகளின் கொடுக்குகளில் பற்கள் இல்லை. அவை இரையை மெல்லாமல், சிறு துளையிட்டு உறிஞ்சுகின்றன. இரையின் ஓடு உருக்குலையாமல் மிஞ்சுகிறது. உருக்குலையாத ஓடு இருந்தால்தானே அதைக் கேடயமாகப் பிடிக்க முடியும்? 1984-இல் வேறு குடும்பப் பெயரின்கீழ்ப் பதிவான அந்தப் பழக்கம், இன்று நண்டுச் சிலந்திகளின் உணவு முறையின் நீட்சியாகப் படிக்கத் தோன்றுகிறது.