பேத்வா நதிக்கரையில் ஓர்ச்சா

தலைநகரில் வாழும் நம் குடும்பங்களுள் ஜான்சி நிலையத்தைக் காணாதார் மிகச் சிலரே. தமிழகம் செல்லும்போதும் மீளும்போதும் நம் வண்டி அங்கு நிற்கும். ராணி லட்சுமிபாயின் வீரத்தைக் குழந்தைகளுக்குச் சொல்லி முடிப்பதற்குள் நகர்ந்துவிடும். அங்கிருந்து 20 கிலோமீட்டருக்குள் ஓர்ச்சா என்னும் சிற்றூர் இருப்பதை நெடுங்காலம் நாம் எண்ணிப் பார்த்ததில்லை. சென்ற குளிர்காலத்திலேதான் நம் காலனியைச் சேர்ந்த சில குடும்பங்களாக அங்குச் சென்று வந்தோம்.

பேத்வா நதி, வடமொழிக் காவியங்கள் வேத்ரவதி எனப் போற்றும் அதே நதியாகும். அதன் கரையில் 1531ஆம் ஆண்டு புந்தேலா மன்னர் ருத்ர பிரதாப் தம் தலைநகரை நிறுவினார். கவிஞர் கேசவதாசர் இவ்வூர் அரசவையை அணி செய்தவர். 1601இல் அவர் இயற்றிய 'ராமசந்திரிகா' இராமகாதையைப் பல்வேறு சந்தங்களில் பாடுவது என அறியும்போது, கம்பனை ஓதி வளர்ந்த நமக்கு அவ்வூர் அயலூராகத் தோன்றவில்லை.

ஆயினும் அரண்மனைகளின் கதை முற்றும் இனியதன்று. இளவரசர் சலீமின் தூண்டுதலால், அக்பரின் அறிஞர் அபுல் பசலை 1602இல் கொல்வித்தவர் வீர்சிங் தேவ். சலீம் ஜஹாங்கீராக அரியணை ஏறியதும், வீர்சிங்குக்கு ஓர்ச்சாவின் அரசுரிமை கிட்டியது. ஜஹாங்கீரின் பெயர் தாங்கிய மாளிகையின் எழிலில் மயங்கி நின்ற நமக்கு, இவ்வரலாறு நினைவுக்கு வந்ததும் மனம் கனத்தது. 1783இல் தலைநகரும் வேறிடம் பெயர்ந்தது.

மன்னர் நீங்கிய ஊரை இன்றும் ஆள்பவர் இராமபிரான். அரசி கணேஷ் குவரி அயோத்தியிலிருந்து, பூச நட்சத்திர நாள்களில் மட்டுமே நடந்து, அத்திருவுருவத்தைக் கொணர்ந்தார் என்பது வழிவழிக் கதை. கோயில் முடியும்வரை அரண்மனையில் வைத்த மூர்த்தி பின்னர் அவ்விடம் விட்டு அசையவில்லையாம். அரண்மனையே கோயிலாயிற்று. இராமர் அங்கே அரசராகவே வழிபடப்படுகிறார். காவலர் நாள்தோறும் ஆயுதம் ஏந்தி மரியாதை செலுத்துகின்றனர்.

நண்பகலில், வரட்டித் தணலில் சுட்ட கோதுமை உருண்டையாகிய கக்கடும், சுட்ட கத்தரிக்காய் மசியலும் உண்டோம். நம் வீட்டுக் கத்தரிக்காய்த் துவையலை நினைவூட்டிய அம்மசியலைக் குழந்தைகள் மறுமுறையும் கேட்டு வாங்கினர். மாலையில் ஆற்றங்கரைக்குச் சென்றோம். மன்னர்களின் நினைவு மண்டபங்களின் உச்சியில் கழுகுகள் கூடு கட்டியுள்ளன. கால்நடைகளுக்கு அளித்த டைக்ளோஃபினாக் மருந்தால் நாடெங்கும் அழிந்து வந்த இனம் இது. 2006இல் கால்நடைகளுக்கு அம்மருந்தை அளிப்பது தடை செய்யப்பட்டது. மன்னர்க்கென எழுந்த கோபுரங்கள் இன்று பறவைகட்குப் புகலிடம்.

வாளால் வென்றவர் அகன்றனர். தொலைவிலிருந்து வந்தமர்ந்தவரோ அவ்வூருக்கே உரியவரானார். ஊர் விட்டு வந்து இங்கு வேரூன்றிய நமக்கு இதில் ஆறுதல் உண்டு. நம் இரு இல்லங்களுக்கும் இடைப்பட்ட நிலமும் நம்முடையதே. அடுத்த பயணத்தில், அன்பர்களே, ஒரு நாளேனும் ஜான்சியில் இறங்குங்கள்.