கொதிக்கும் வண்டியும் புதுக்கோட்டைச் சாலையும்: ஒரு சிறு வரலாறு

கோடைக்காலத்தில் புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ போகும் வழியில், சாலையோரப் புளியமர நிழலில் முன்மூடியைத் திறந்து வைத்தபடி நிற்கும் காரைப் பார்க்காதவர்கள் குறைவு. உள்ளே இருந்து புஸ்ஸென்று ஆவி வரும். "வண்டி கொதிச்சுருச்சு" என்பார் ஓட்டுநர். யாராவது ஒருவர் பாட்டிலை எடுத்துக்கொண்டு தண்ணீர் தேடி ஓடுவார். சாதாரணமாகத் தெரியும் இந்தக் காட்சிக்குப் பின்னால் நூறு ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அதில் புதுக்கோட்டைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதுதான் சுவாரசியம்!

முதல் காரே தண்ணீர் கேட்டது

பெட்ரோல் எரிந்து கிடைக்கும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூட சக்கரத்துக்குப் போய்ச் சேராது. மீதி எல்லாம் வெப்பம்தான். ஒரு பகுதி புகையோடு வெளியே போகும், இன்னொரு பகுதி எஞ்சினின் இரும்பிலேயே தங்கும். தங்கியதை வெளியேற்றாவிட்டால் பிஸ்டன் வீங்கி இறுகிப்போகும். இதைத்தான் நம் ஊரில் "எஞ்சின் சீஸ் ஆயிடுச்சு" என்கிறார்கள்.

ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் உருவாக்கிய வண்டியில் இன்று நாம் பார்க்கும் ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகிப் போவதுதான் குளிர்விக்கும் முறையே. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்தா பென்ஸ் இரண்டு மகன்களுடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிப் போனார். உலகின் முதல் நீண்ட கார் பயணம் இதுதான். வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. அதாவது, தண்ணீர் தேடி ஓடும் பழக்கம் காரோடு சேர்ந்தே பிறந்தது.

1901-ல் வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த மெர்சிடஸ் காரில் தேன்கூடு போன்ற ரேடியேட்டர் வந்தது. ஆயிரக்கணக்கான சிறு குழல்களின் வழியே காற்று புகுந்து, சுற்றிலும் இருக்கும் தண்ணீரை ஆற்றும். இன்றைய எல்லா ரேடியேட்டர்களுக்கும் இதுவே மூதாதை.

புதுக்கோட்டைக்கு மோட்டார் வந்தது

அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் ஆண்டுகொண்டிருந்தார். ரயில் கிடையாது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்ததே 1929-ல்தான். அடுத்த ஆண்டு அது மானாமதுரை வரை நீண்டது. அதற்கு முன்பு மாட்டு வண்டியும் குதிரை வண்டியும்தான்.

இந்த இடைவெளியில்தான் மோட்டார் பஸ் நுழைந்தது. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911-ல் தன் நிறுவனத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் டி.வி.எஸ். என்று புகழ்பெற்றது இதுதான். அதன் தொடக்க கால வழித்தடங்களில் தஞ்சாவூர் - புதுக்கோட்டைச் சாலையும் ஒன்று. ரயில் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தச் சமஸ்தானத்து மக்கள் பஸ்ஸைப் பார்த்துவிட்டார்கள்.

ஆனால் அந்த வண்டிகள் குளிர்நாடுகளில் பிறந்தவை. சிக்கல் இங்கேதான் தொடங்கியது. ஒரு சின்னக் கணக்கு போட்டால் புரியும். ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், தண்ணீருக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பொறுத்தது. இங்கிலாந்தில் காற்று 10 டிகிரி, தண்ணீர் 100 டிகிரி என்றால் வித்தியாசம் 90. புதுக்கோட்டையில் சித்திரை மாதக் காற்று 40 டிகிரி என்றால் வித்தியாசம் 60 மட்டுமே. அதே ரேடியேட்டர், அதே எஞ்சின்... ஆனால் குளிர்விக்கும் திறன் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது!

அன்றைய பல வண்டிகளில் தண்ணீரைச் சுற்ற வைக்கும் பம்ப் கூடக் கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறிய தண்ணீர் கீழே இறங்கும் என்ற இயற்கை விதியை நம்பியே ஓடின. புகழ்பெற்ற ஃபோர்டு மாடல் டி காரும் (1908 - 1927) பெரும்பாலும் இப்படித்தான். தண்ணீர் மட்டம் கொஞ்சம் குறைந்தாலே சுழற்சி நின்றுவிடும், வண்டி கொதித்துவிடும்.

மூடியில் இருந்த விடை

கொதிப்பதை முன்கூட்டியே அறிய 1912-ல் அமெரிக்காவில் பாய்ஸ் மோட்டோமீட்டர் காப்புரிமை பெற்றது. ரேடியேட்டர் மூடியின் உச்சியில் ஒரு வெப்பமானி, அவ்வளவுதான். ஓட்டுநர் இருக்கையிலிருந்தே அதைப் பார்த்துக்கொள்ளலாம். இன்று டேஷ்போர்டில் இருக்கும் டெம்பரேச்சர் முள்ளுக்கு முன்னோடி இது.

ஆனால் உண்மையான தீர்வும் அதே மூடியில்தான் பின்னர் வந்தது. பிரஷர் குக்கரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, தெரியும் அல்லவா? அதே தத்துவம். மூடிக்குள் ஸ்பிரிங் வைத்து, உள்ளே அழுத்தம் ஏறும்படி செய்தார்கள். ஒரு சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம் ஏறினால் தண்ணீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் இன்னும் சில டிகிரி கூடும்.

இந்தக் கதையில் ஒரு திருப்பம் உண்டு. சுந்தரம் ஐயங்காரின் குடும்ப நிறுவனங்களில் ஒன்றான சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ், 1990களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தில் மூடிய ரேடியேட்டர் மூடித் தொழிற்சாலையின் இயந்திரங்களை வாங்கித் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து அமெரிக்க கார்களுக்கு மூடிகள் போயின. 1990களின் பிற்பகுதியில் ஜெனரல் மோட்டார்ஸின் சிறந்த சப்ளையர் விருதையும் தொடர்ந்து பெற்றது. வெளிநாட்டு வண்டியை நம் வெயிலில் ஓட்டிய குடும்பம், எண்பது ஆண்டுகள் கழித்து அந்த நாட்டு வண்டிகளுக்கே மூடி செய்து கொடுத்தது!

அம்பாசிடரிலிருந்து மாருதி வரை

1948 மார்ச்சில் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியானது. 1972-ல் டி.வி.எஸ். பஸ்கள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. இந்தக் காலத்தின் பிற்பகுதியில் சாலையில் ஆட்சி செய்த கார் அம்பாசிடர். அதன் ஃபேன், எஞ்சினோடு பெல்ட்டால் கட்டப்பட்டது. பெல்ட் தளர்ந்தாலோ அறுந்தாலோ ஃபேனும் நிற்கும், தண்ணீர் பம்பும் நிற்கும். அதனால் அனுபவமுள்ள ஓட்டுநர்கள் காலையில் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டம் பார்ப்பார்கள், பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள், பிறகுதான் சாவி போடுவார்கள்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. மின்சார ஃபேன், தனி ரிசர்வ் டேங்க். கொதிப்பது குறைந்தது. ஆனால் கூடவே இன்னொன்றும் குறைந்தது: காலையில் தண்ணீர் பார்க்கும் பழக்கம்.

கொதித்தால் காரணம் என்ன?

நூறு ஆண்டு அனுபவம் பட்டறைகளுக்குக் கற்றுக்கொடுத்த பாடங்கள் எளிமையானவை. எப்போது கொதிக்கிறது என்று கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

ஊருக்குள் நெரிசலில் கொதித்து, நெடுஞ்சாலையில் ஏறியதும் சரியானால் ஃபேனில் கோளாறு. ஓடும்போது காற்று தானே வரும், நிற்கும்போது ஃபேன்தான் காற்று தர வேண்டும். இதற்கு நேர்மாறாக, வேகமாக ஓடும்போது கொதித்தால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம்.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே முள் ஏறி, எஞ்சின் சூடாக இருந்தும் ரேடியேட்டர் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை. வெயில் ஊர் என்று சொல்லி அதைக் கழற்றி எறிவது நம் பக்கத்துப் பழக்கம். அப்படிச் செய்தால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலை அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

வெளியே ஒழுக்கு எதுவும் இல்லாமல் தண்ணீர் குறைந்துகொண்டே போனால்தான் கவலைப்பட வேண்டும். சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை, எஞ்சின் ஆயில் பால் கலந்த காபி நிறம், ரேடியேட்டரில் குமிழி... இவை ஹெட் கேஸ்கட் போனதற்கான அடையாளங்கள். அதோடு வண்டியை ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய மூடியோ ஹோஸோ, பல ஆயிரம் ரூபாய்ச் செலவாக மாறுவது இந்த இடத்தில்தான். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கு அது சில மாத வருமானம்.

இன்னொரு எதிரி தண்ணீரே! ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம் இருந்தால், குடத்தின் அடியில் படிவது போலவே ரேடியேட்டர் குழல்களிலும் படியும். வருடக்கணக்கில் படிந்தால் அடைப்பு. கண்மாய்களும் ஊருணிகளும் நிறைந்த மாவட்டம் நிலத்தடி நீரை நம்பத் தொடங்கியதன் விளைவு ரேடியேட்டர் வரை வந்திருக்கிறது. கூலன்டைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து ஊற்றச் சொல்வதன் காரணம் இதுவே. அவசரத்துக்குச் சாலையோரத் தண்ணீர் ஊற்றலாம், பிறகு அதை இறக்கிவிட வேண்டும்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை

சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் 110 டிகிரிக்கு மேல் இருக்கும் தண்ணீர், மூடி திறந்த நொடியில் ஆவியாகிப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். துணியைப் போட்டுத் திறந்தாலும் ஆபத்துதான். எஞ்சினை நிறுத்திவிட்டு, குறைந்தது அரைமணி நேரமாவது ஆற விட வேண்டும். பச்சைத் தண்ணீரைச் சூடான எஞ்சினில் சட்டென்று ஊற்றினால் இரும்பு விரிசல் விடும்.

பெர்தா பென்ஸ் காலத்தில் தண்ணீர் ஊற்றுவது தவிர வேறு வழியில்லை. இன்று முள், மூடி, கூலன்ட் என்று எல்லாம் இருக்கின்றன. முள் ஏறும்போதே வண்டியை ஓரங்கட்டும் பொறுமை மட்டும் இருந்தால், புளியமர நிழல் இளைப்பாற மட்டும் போதும்.