கேம் கன்சோல் – கணினி வலையமைப்புக் கோப்புப் பரிமாற்றம்

கேம் கன்சோலில் உள்ள கோப்புகளை ஈதர்நெட் கேபிள் வழியாகவோ வைஃபை வழியாகவோ கணினிக்கு எடுப்பதும், கணினியில் உள்ளவற்றைக் கன்சோலுக்கு அனுப்புவதும் இத்தலைப்பில் அடங்கும். சேமித்த ஆட்டங்கள், படங்கள், பாடல்கள், சொந்தமாக எழுதிய நிரல்கள், ஆட்ட வட்டின் முழு நகல் ஆகியவை இவ்வாறு பரிமாறப்படுகின்றன. பென் டிரைவ், மெமரி கார்டு போன்றவற்றில் பதிந்து கையால் எடுத்துச் செல்லும் முறைகள் இதில் சேரா.

கன்சோலும் உள்ளுக்குள் ஒரு கணினிதான். ஆனால் பல கன்சோல்களின் வட்டுகளையும் வன்தட்டுகளையும் சாதாரணக் கணினி படிக்க முடியாத வடிவிலேயே தயாரிப்பாளர்கள் அமைத்துவந்தனர். டிரீம்காஸ்டின் ஜிடி-ராம், கேம்கியூபின் சிறுவட்டு, எக்ஸ்பாக்ஸின் பூட்டிய வன்தட்டு ஆகியவை இதற்குச் சான்றுகள். வலையமைப்போ இரு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தது. அந்த வழியை நிறுவனங்களைவிடப் பயனர்களே அதிகம் திறந்தனர். இத்துறையின் வரலாறு பெரும்பாலும் அவர்கள் எழுதிய மென்பொருள்களின் வரலாறே.

முன்னோடிகள்

நிண்டெண்டோ 1988-இல் ஜப்பானில் ஃபேமிகாம் கன்சோலுக்குத் தொலைபேசி மோடம் வெளியிட்டது. பங்குச்சந்தை விலை பார்ப்பது போன்ற சேவைகளுக்கு அது பயன்பட்டது. 1995-இல் வந்த சாட்டெலாவியூ, செயற்கைக்கோள் ஒலிபரப்பின் வழியே ஆட்டங்களை இறக்கித் தந்தது. இரண்டிலும் கன்சோல் தொடர்புகொண்டது சேவை நிறுவனத்தோடுதான். பயனரின் சொந்தக் கணினிக்கு அங்கே இடமில்லை.

வீட்டுக் கணினியையும் கன்சோலையும் நேரடியாக இணைத்த தொடக்ககாலப் பெரிய முயற்சி சோனியின் நெட் யாரோஸ். 1996-இல் ஜப்பானிலும் 1997-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இது விற்பனைக்கு வந்தது. கறுப்பு நிற பிளேஸ்டேஷன் ஒன்று, ஒரு சீரியல் கேபிள், நிரல் எழுதும் கருவிகள் ஆகியவை ஒரே பெட்டியில் கிடைத்தன. சி மொழியில் கணினியில் எழுதிய நிரல் கேபிள் வழியே கன்சோலின் நினைவகத்துக்குச் சென்று அங்கே இயங்கும். எழுதிய ஆட்டத்தைக் கன்சோல் ஏற்கும் வட்டில் பதிய வழியில்லாததால் நிரலும் படங்களும் ஒலிகளும் கன்சோலின் நினைவகத்துக்குள்ளேயே அடங்கியாக வேண்டும். இது வலையமைப்பு அன்று. ஆயினும், கணினியில் எழுதிக் கன்சோலில் ஓட்டிப் பார்க்கும் வழக்கத்தை வீட்டுப் பயனரிடம் கொண்டுவந்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு.

டிரீம்காஸ்ட்

சேகா நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் 1998 நவம்பர் 27 அன்று ஜப்பானில் வெளியானது. கழற்றி மாட்டக்கூடிய மோடம் அதனுடன் வந்தது. இசை வட்டுகளில் கூடுதல் அம்சங்களைச் சேர்ப்பதற்காக மில்-சிடி என்ற வடிவத்தையும் சேகா அதில் ஏற்படுத்தியிருந்தது. அந்த வடிவத்தைப் பின்பற்றினால் வீட்டில் பதிந்த சாதாரண சிடியிலிருந்தே கன்சோலை இயக்க முடியும் என்பது 2000-ஆம் ஆண்டில் பரவலாகத் தெரியவந்தது. பின்னாளில் தயாரித்த கன்சோல்களில் சேகா இந்த வசதியை எடுத்துவிட்டது. அதற்குள் ஏராளமான கருவிகள் வீடுகளைச் சென்றடைந்திருந்தன. காலிஸ்டிஓஎஸ் என்ற திறந்த மூல நிரல் தொகுப்பு இக்கருவிகளின் மீது வளர்ந்தது.

தொடக்கத்தில் கன்சோலின் பின்புறத்து சீரியல் போர்ட்டில் கேபிள் செருகிக் கணினியோடு இணைத்தனர். வேகம் நொடிக்கு 1,15,200 பிட், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 11 கிலோபைட். 1 மெகாபைட் அளவுள்ள நிரல் போய்ச்சேர ஒன்றரை நிமிடம் ஆகும். ஒரு ஜிடி-ராம் வட்டு சுமார் 1 ஜிகாபைட் கொள்ளும். அதை இக்கேபிளில் நகலெடுக்க ஒரு பகலும் ஓர் இரவும் தேவைப்படும்.

சேகாவின் பிராட்பேண்ட் அடாப்டர் இந்தத் தடையை நீக்கியது. ஜப்பானில் 2000-ஆம் ஆண்டிலும் அமெரிக்காவில் 2001 ஜனவரியிலும் வெளியான இது, மோடம் இருந்த இடத்தில் பொருந்தும். ரியல்டெக் சில்லு கொண்டது. நொடிக்கு 100 மெகாபிட் வரை ஏற்கும். அதே ஜனவரியின் இறுதியில் டிரீம்காஸ்ட் தயாரிப்பை நிறுத்துவதாக சேகா அறிவித்ததால் மிகச் சில அடாப்டர்களே விற்பனையாயின. இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்கும் பொருளாக அது இருக்கிறது.

டிசிலோடு-ஐபி என்ற சிறு நிரல் இந்த அடாப்டருக்காக எழுதப்பட்டது. சிடியில் பதிந்து கன்சோலை இயக்கினால், கணினியின் கட்டளைக்குக் காத்திருக்கும் திரை ஒன்று வரும். தொடக்கப் பதிப்புகளில் கன்சோலின் ஐபி முகவரியை நிரலுக்குள்ளேயே எழுதித் தொகுக்க வேண்டும். அந்த முகவரி எந்த அடாப்டருக்கு உரியது என்று கணினிக்கும் கையால் சொல்லித்தர வேண்டும். அதற்கு அடாப்டரின் வன்பொருள் முகவரியை ஓர் எழுத்து பிசகாமல் கட்டளை வரியில் தட்டச்சு செய்வார்கள். அதன்பின் கணினியில் ஒரு கட்டளை கொடுத்தால் நிரல் யுடிபி பொட்டலங்களாகக் கன்சோலுக்குள் சென்று உடனே ஓடத் தொடங்கும். கணினியில் உள்ள ஒரு கோப்புறையைத் தன் சொந்த வட்டுபோலக் கன்சோல் படிக்கவும் எழுதவும் அது இடம் தந்தது.

எதிர்த்திசைப் பயன்பாடு இன்னும் பெரிய பயனைத் தந்தது. ஜிடி-ராமைச் சாதாரணக் கணினி இயல்பாகப் படிக்காது; டிரீம்காஸ்ட் படிக்கும். எனவே கன்சோலையே சிறு வலைச் சேவையகமாக மாற்றும் நிரல்கள் தோன்றின. கணினியின் உலாவியில் கன்சோலின் ஐபி முகவரியைத் தட்டினால் உள்ளே இருக்கும் வட்டின் தடங்கள் பட்டியலாக வரும். சொடுக்கினால் கணினிக்கு இறங்கும். டிரீம்காஸ்ட் ஆட்டங்கள் பல இன்று ஆவணப்படுத்தப்பட்டிருப்பதில் இந்த எளிய ஏற்பாட்டுக்குப் பங்குண்டு.

கேம்கியூப்

நிண்டெண்டோவின் கேம்கியூபுக்கு 2002-இல் பிராட்பேண்ட் அடாப்டர் வந்தது. அதைப் பயன்படுத்திய ஆட்டங்கள் மிகச் சில; அவற்றுள் சேகாவின் 'ஃபேன்டசி ஸ்டார் ஆன்லைன் எபிசோட் 1 & 2' முக்கியமானது. சேவையகத்திலிருந்து நிரல் துண்டுகளை இறக்கி இயக்கும் வசதி இந்த ஆட்டத்தில் இருந்தது. கன்சோலின் பெயர்ச் சேவையக (டிஎன்எஸ்) முகவரியாக வீட்டுக் கணினியின் முகவரியைக் கொடுத்தால், ஆட்டம் கணினியையே சேகாவின் சேவையகமாக எடுத்துக்கொள்ளும். 2003-இல் இந்த வழியே பயனர்கள் தங்கள் நிரல்களைக் கன்சோலில் ஓட்டினர். வட்டுகளைக் கன்சோலிலேயே படித்து அடாப்டர் வழியே கணினிக்கு எடுக்கவும் தொடங்கினர்.

எக்ஸ்பாக்ஸும் எஃப்டிபியும்

2001 நவம்பர் 15 அன்று வெளியான மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸில் வன்தட்டும் ஈதர்நெட் போர்ட்டும் உடன்பிறந்தவை. வன்தட்டு ஒவ்வொரு கன்சோலுக்கும் தனித்த கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருந்தது. அதன் கோப்பு முறைமையான ஃபேட்-எக்ஸை விண்டோஸ் அறியாது. ஆகவே தட்டைக் கழற்றிக் கணினியில் மாட்டுவதால் பயனில்லை. மாற்றியமைத்த கன்சோல்களில் எவல்யூஷன்-எக்ஸ், அன்லீஷ்-எக்ஸ் போன்ற முகப்புத் திரைகளை நிறுவினர்; அவற்றுள் எஃப்டிபி சேவையகம் இருந்தது. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் இரண்டுமே 'எக்ஸ்பாக்ஸ்' என்பது வழக்கம். உள்ளே நுழைந்தால் சி, இ, எஃப் எனப் பிரிவுகள் தெரியும். இ பிரிவின் யுடேட்டா கோப்புறையில் சேமித்த ஆட்டங்கள் இருக்கும். கோப்புப் பெயர் 42 எழுத்துகளைத் தாண்டினால் ஃபேட்-எக்ஸ் ஏற்காது என்பதால் பெயரைச் சுருக்கி அனுப்ப வேண்டும்.

எஃப்டிபி நெறிமுறை கன்சோல்களைவிட மிகப் பழையது. கான்பூர் ஐஐடியில் படித்து மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய அபய் பூஷண் 1971 ஏப்ரலில் அதன் முதல் வரையறையை எழுதினார். 1985-இல் வந்த வரையறையே இன்றும் அடிப்படை. கட்டளைகளுக்கு ஓர் இணைப்பு, தரவுக்கு வேறோர் இணைப்பு என அது இயங்குகிறது. செயல்படு முறையில் தரவு இணைப்பைச் சேவையகமே கணினியை நோக்கித் தொடங்கும். 2004-இல் விண்டோஸ் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பு, தீச்சுவரை இயல்பாகவே இயக்கிவைத்தது. அதன்பின் கன்சோலோடு இணைப்பு கிடைத்தும் கோப்புப் பட்டியல் வராமல் நிற்பது பொதுவான சிக்கலானது. செயலற்ற முறைக்கு மாற்றுவதே தீர்வு. எழுத்துரை முறையில் அனுப்பினால் வரிமுடிவுக் குறிகள் மாறி ஆட்டக் கோப்பு கெடும் என்பதால் இருமமுறையே தேர்ந்தெடுக்கப்படும்.

எக்ஸ்பாக்ஸ் பயனர்கள் எழுதிய எக்ஸ்பிஎம்சி என்ற ஊடக இயக்கி, கணினியின் பகிர்வுக் கோப்புறையிலிருந்து படங்களை நேரடியாகத் தொலைக்காட்சியில் காட்டியது. 2014-இல் கோடி எனப் பெயர் மாறிய அது இன்று பல கருவிகளில் ஓடுகிறது.

பிளேஸ்டேஷன் 2

பிளேஸ்டேஷன் 2-க்கான நெட்வொர்க் அடாப்டர் அமெரிக்காவில் 2002 ஆகஸ்டில் வந்தது. 2004-இன் மெல்லிய வடிவத்தில் ஈதர்நெட் உள்ளேயே அமைந்தது. கன்சோலின் யுஎஸ்பி 1.1 வேகம் நொடிக்கு 12 மெகாபிட், ஈதர்நெட்டுக்கு 100. இந்த இடைவெளியால் வலையமைப்பு வழியே சிறந்ததாயிற்று. யுலான்ச்ஈஎல்எஃப் நிரல் எஃப்டிபி வழங்கியது. ஓப்பன் பிஎஸ்2 லோடர், கோப்பை நகர்த்தாமலே, விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பி வழியே கணினியின் பகிர்விலிருந்து ஆட்டத்தை ஓட்டியது. கணினியில் பிஎஸ்2எஸ்எம்பி என்ற கோப்புறை, அதனுள் டிவிடி, சிடி என உட்கோப்புறைகள் என்பது அதன் ஏற்பாடு.

வகைப்பாடு

பரிமாற்ற முறைகளை நான்காகப் பிரிக்கலாம்.

1. கன்சோல் சேவையகமாக இருப்பது: எக்ஸ்பாக்ஸ் எஃப்டிபி, டிரீம்காஸ்ட் வலைச் சேவையகம்.

2. கணினி சேவையகமாக இருப்பது: எஸ்எம்பி பகிர்வு, டிஎல்என்ஏ ஊடகச் சேவையகம். பிளேஸ்டேஷன் 3 இவ்வழியே கணினியின் பாடல்களையும் படங்களையும் காட்டியதோடு, பூட்டப்படாதவற்றைத் தன் வன்தட்டுக்கு நகலெடுக்கவும் விட்டது.

3. நிரலை அனுப்பி உடனே இயக்குவது: டிசிலோடு-ஐபி, நிண்டெண்டோ வீ கன்சோலின் ஹோம்ப்ரூ சேனல் 4299-ஆம் போர்ட்டில் ஏற்கும் வீலோடு.

4. தயாரிப்பாளரே தரும் வழி: 2014-இல் வந்த நியூ நிண்டெண்டோ 3டிஎஸ். அதன் மைக்ரோ எஸ்டி கார்டு, திருகாணி கழற்றித் திறக்கும் பின்மூடிக்குள் இருந்ததால், வைஃபை வழியே எஸ்எம்பி பகிர்வாகக் கார்டைக் கணினியில் காட்டும் வசதியை நிறுவனம் சேர்த்தது.

இணைக்கும் முறை

கன்சோலும் கணினியும் ஒரே ரௌட்டரில் இருப்பது எளிது. நேரடியாக இணைப்பதாயின் பழைய கருவிகளுக்கு கிராஸ் கேபிள் தேவை. இரண்டுக்கும் ஒரே வலையமைப்புப் பகுதியில் வெவ்வேறு முகவரி தர வேண்டும்: கணினிக்கு 192.168.1.10, கன்சோலுக்கு 192.168.1.20, இரண்டிலும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0 எனலாம். எஃப்டிபியில் கடவுச்சொல் மறையாக்கமின்றிச் செல்வதால் வீட்டு வலையமைப்புக்கு வெளியே அதைத் திறந்துவிடக் கூடாது.

சட்டநிலை

வாங்கிய வட்டையும் தான் ஆடிச் சேமித்ததையும் தன் கணினியில் வைத்துக்கொள்வது உரிமையாளரின் இயல்பான உரிமை எனப் பயனர்கள் பலர் கருதுகின்றனர். ஆனால் அமெரிக்காவின் 1998-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பூட்டை உடைப்பதைத் தடுக்கிறது. எனினும் சேவையகம் மூடப்பட்ட ஆட்டங்களைப் பாதுகாக்க நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் 2015-இல் விலக்கு கிடைத்தது. கன்சோலின் பூட்டைத் தாண்ட உதவும் மாற்றுச் சில்லு குறித்து சோனி தொடுத்த வழக்கில், ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2005-இல் சில்லை விற்றவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இன்றைய நிலை

எஸ்எம்பியின் முதல் பதிப்பை 2017 அக்டோபர் முதல் விண்டோஸ் 10 இயல்பாக நிறுவுவதில்லை. பழைய கன்சோல்களின் பகிர்வுகள் பல இதனால் அறுந்தன. நிண்டெண்டோ சுவிட்ச் 2020 இறுதி முதல் படங்களை யுஎஸ்பி வழியே கணினிக்குத் தருகிறது. இன்றைய எக்ஸ்பாக்ஸ் கன்சோல்களின் நிரலாளர் முறையில் உலாவி வழியே கோப்பு அனுப்பலாம். பிளேஸ்டேஷன் 5 ஆட்டங்களின் சேமிப்பைக் கணினிக்கு எடுக்க வழியில்லை. கட்டண மேகச் சேமிப்பே உள்ளது. பழைய கன்சோல்களின் வட்டுப் படிப்பான்கள் ஆண்டுதோறும் தேய்ந்துவருகின்றன. ஓடும் நிலையில் கன்சோலும் அடாப்டரும் வைத்திருப்போர், தங்கள் வட்டுகளையும் சேமிப்புகளையும் இப்போதே கணினிக்கு நகலெடுத்துவைப்பது அவசியம்.