வீட்டிலிருந்தே தையல் தொழில்: ஒரு பிளவுஸுக்கு எவ்வளவு கூலி கேட்கலாம்? மெஷின் முதல் ஜிஎஸ்டி வரை... தெரிஞ்சுக்க வேண்டியவை!

"என்னக்கா, ஒரு பிளவுஸுக்கு 400 ரூபாயா? பக்கத்துத் தெருவுல 300 தானே வாங்குறாங்க!"

வீட்டில் மெஷின் போட்டுத் தைக்கிற பெண்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு வாரம்கூட ஓட்ட முடியாது. உடனே என்ன நடக்கும்? தெரிஞ்சவங்களாச்சே என்று சிரித்துக்கொண்டே 300-க்கு ஒத்துக்கொள்வார்கள். தீபாவளி, பொங்கல், கல்யாண சீசன் என்று ராத்திரி 12 மணி வரைக்கும் மெஷின் ஓடும். மாசக் கடைசியில் பார்த்தால் கையில் காசு நிற்காது.

தையல் தெரிந்தவர்கள் இந்தத் தொழிலில் தோற்பது பெரும்பாலும் தையலில் இல்லை, கணக்கில்தான். அதனால் மெஷின், லோன் எல்லாவற்றுக்கும் முன்னால் கூலிக் கணக்கைப் பார்த்துவிடலாம்.

கூலியை எப்படிக் கணக்குப் போடுவது?

ஒரு லைனிங் பிளவுஸை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர் விலை மாறும் என்பதால் உங்கள் ஊர் விலையை இதில் போட்டுப் பாருங்கள்.

லைனிங் துணி 75 ரூபாய். கொக்கி, நூல், கேன்வாஸ் 15 ரூபாய். ஊசி, எண்ணெய், கரண்ட் 5 ரூபாய். இதோடு பலரும் மறந்துவிடும் ஒரு செலவு இருக்கிறது: மெஷின் தேய்மானம். 18,000 ரூபாய்க்கு வாங்கிய மெஷின் 5 வருஷம் உழைக்கும் என்றால், மாசம் 300 ரூபாய் அதற்கே போகிறது. மாசம் 30 பிளவுஸ் தைத்தால் ஒன்றுக்கு 10 ரூபாய். ஆக மொத்தம் 105 ரூபாய் கைச்செலவு.

அடுத்தது நேரம். அளவு பார்த்து வெட்ட முக்கால் மணி நேரம், தைக்க ஒன்றரை மணி நேரம், கொக்கி கட்டி எம்மிங் போட்டு அயர்ன் செய்ய முக்கால் மணி நேரம். மொத்தம் 3 மணி நேரம். கை பழகியவர்கள் இதைவிடச் சீக்கிரம் முடிப்பார்கள்.

400 ரூபாய் வாங்கினால் செலவு போக 295 ரூபாய் நிற்கும். மணிக்கு சுமார் 98 ரூபாய். 300 ரூபாய்க்கு இறங்கினால் நிற்பது 195 ரூபாய்தான், அதாவது மணிக்கு 65 ரூபாய். "கை கொஞ்சம் டைட்டா இருக்கு"ன்னு அந்த பிளவுஸ் திரும்பி வந்து, ஆல்டர் பண்ண இன்னொரு மணி நேரம் போனால்? மணிக்கு 49 ரூபாய்கூட முழுசாகத் தேறாது.

வீட்டு வேலை, பிள்ளைகள் போக ஒரு நாளைக்கு 4 மணி நேரம், மாசம் 25 நாள் தைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 மணி நேரம். மணிக்கு 98 ரூபாய் என்றால் 9,800 ரூபாய், 65 ரூபாய் என்றால் 6,500 ரூபாய். வேலை அதேதான். 'பரவாயில்லக்கா, கொடுங்க' என்ற ஒரு வார்த்தையின் விலை மாசம் 3,300 ரூபாய்.

அதனால் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். மணிக்கு 100 ரூபாய் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 3 மணி நேரத்துக்கு 300, கைச்செலவு 105, ஐந்து பிளவுஸில் ஒன்று ஆல்டருக்குத் திரும்பி வரும் என்று எடுத்துக்கொண்டு அதற்கு 20. மொத்தம் 425 ரூபாய். வாடிக்கையாளரே லைனிங் துணி கொடுத்தால் அந்த 75 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம். பஃப் கை, பிரின்சஸ் கட், பின் கழுத்தில் பேட்டர்ன் என்று கேட்டால் கூடுதலாக ஆகும் நேரத்துக்கும் இதே கணக்குதான். விலைப் பட்டியலை ஒரு அட்டையில் எழுதி மெஷினுக்கு மேல் மாட்டிவிடுங்கள். வாயால் சொல்லும் விலையில் பேரம் பேசுகிற அளவுக்கு எழுதி மாட்டிய விலையில் யாரும் பேசுவதில்லை.

சொந்தக்காரர்களுக்கு? சலுகை கொடுங்கள், தப்பில்லை. ஆனால் லைனிங், கொக்கி காசையாவது வாங்கிவிடுங்கள். கைக்காசு போட்டு ஊருக்குத் தைத்துக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

எந்த மெஷின் வாங்கலாம்?

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு மிதிக்கிற சாதா மெஷினும் அதில் மாட்டும் சின்ன மோட்டாரும் போதும். உஷா, சிங்கர், மெரிட் என்று எதை எடுத்தாலும் சரி, உங்கள் ஊரில் அதைச் சரிபார்க்க மெக்கானிக் இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் ஷட்டில் மக்கர் பண்ணினால் பிராண்ட் பெயர் வந்து உதவாது.

ஆர்டர் நிலையாக வர ஆரம்பித்த பிறகு பவர் மெஷினுக்கு மாறலாம். வாங்கும்போது சர்வோ மோட்டாரா என்று கேளுங்கள். பழைய கிளட்ச் மோட்டார், நீங்கள் தைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் ஸ்விட்ச் போட்டிருக்கும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் பெடலை மிதித்தால் மட்டும் ஓடும். சத்தமும் குறைவு, அடுத்த வீட்டுக்காரர் சண்டைக்கு வர மாட்டார். ஒரு விஷயம், கரண்ட் பில்லை ஏற்றுவது பெரும்பாலும் மெஷின் இல்லை, அயர்ன் பாக்ஸ்தான்.

ஊசி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பட்டு, ஜார்ஜெட் போன்ற மெல்லிய துணிக்கு 11, காட்டனுக்கு 14, ஜீன்ஸ் மாதிரி தடித்த துணிக்கு 16. முனை மழுங்கிய ஊசியால் பட்டுத் துணியில் இழை இழுத்துவிட்டால், அந்தப் புடவையோடு வந்த பிளவுஸ் பிட்டுக்கு மாற்றுத் துணி கடையில் கிடைக்காது.

தகராறு வராமல் இருக்க என்ன செய்யலாம்?

கெட்ட பெயர் வருவது மூன்று இடத்தில்: அளவு, துணி, தேதி.

அளவு ஜாக்கெட் கொடுத்தால், அது இப்போது சரியாக இருக்கிறதா என்று கேட்காமல் வாங்காதீர்கள். ரெண்டு வருஷத்துக்கு முந்தைய ஜாக்கெட்டை வைத்துத் தைத்துவிட்டு, டைட்டாக இருக்கிறது என்று பேச்சு வாங்குவது நீங்கள்தான். முடிந்தால் டேப் வைத்து ஒரு முறை அளந்து நோட்டில் எழுதுங்கள். தேதியோடு எழுதினால் அடுத்த முறை ஒப்பிட்டுப் பார்க்கலாம். உள்பக்கம் பிரிக்கத் தோதாக ஒரு இஞ்ச் துணி விட்டுத் தைப்பது நம் ஊர் டெய்லர்களின் பழைய வழக்கம். அதை விடாதீர்கள்.

காட்டன் லைனிங்கை வெட்டுவதற்கு முன் தண்ணீரில் நனைத்துக் காயவைத்து அயர்ன் செய்தே ஆக வேண்டும். இல்லையென்றால் முதல் துவைப்பில் லைனிங் சுருங்கி மேல் துணி சுருக்கம் சுருக்கமாக நிற்கும். 'தைக்கத் தெரியல' என்று சொல்லிவிடுவார்கள். அவசரத்தில் இந்த ஒரு வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

துணி வாங்கியதும் அவர்கள் கண் முன்னாலேயே விரித்துப் பாருங்கள். கறையோ ஓட்டையோ இருந்தால் அப்போதே போன் கேமராவில் படம் எடுத்து அவர்கள் வாட்ஸ்அப்புக்கே அனுப்பிவிடுங்கள். என்ன மாடல், என்ன கூலி, எவ்வளவு அட்வான்ஸ், என்றைக்குக் கொடுக்க வேண்டும் என்பதையும் அதே மெசேஜில் போட்டுவிட்டால் பின்னால் பேச்சு மாறாது. கல்யாண பிளவுஸ், ஆரி வேலை என்றால் பாதிப் பணம் அட்வான்ஸ் வாங்காமல் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சீசன் நேரத்தில் ஒரு தேதிக்கு மேல் ஆர்டர் எடுக்க மாட்டேன் என்று சொல்வதற்குத் தைரியம் வேண்டும். ஆனால் 40 பேருக்கு வாக்குக் கொடுத்து 10 பேருக்குத் தாமதமானால், அந்த 10 பேர் பேசுவதுதான் தெரு முழுக்கக் கேட்கும்.

பிளவுஸ் மட்டும்தானா?

இல்லை. புடவைக்கு ஃபால்ஸ், ஓரம் அடிப்பது, குச்சு கட்டுவது எல்லாம் குறைந்த நேரத்தில் காசு பார்க்கும் வேலைகள். சீசன் இல்லாத மாதங்களில் நைட்டி, தலையணை உறை, துணிப்பை தைத்து வைத்தால் கை சும்மா இருக்காது. தாம்பூலப் பைக்கு மொத்த ஆர்டர் கிடைத்தால் நல்லது.

மிச்சத் துணியில் குழந்தைகளுக்குப் பொம்மை தைத்து விற்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. இங்கே கொஞ்சம் கவனம். 2021 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம், துணிப் பொம்மைக்கும்தான். மத்திய அரசின் கைவினைப் பொருட்கள் மேம்பாட்டு ஆணையர் அலுவலகத்தில் பதிவு செய்த கைவினைஞர்களுக்கு விலக்கு உண்டு. அந்தக் கைவினைஞர் அட்டை இல்லாமல் பெரிய அளவில் பொம்மை வியாபாரத்தில் இறங்க வேண்டாம்.

ஜிஎஸ்டி கட்டணுமா?

வாடிக்கையாளர் துணியைத் தைத்துக் கொடுப்பது சேவை. தமிழ்நாட்டில் சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு. நீங்களே துணி வாங்கி நைட்டி, பை என்று பொருளாக மட்டும் விற்றால் வரம்பு 40 லட்சம். வீட்டில் தைக்கும் பெரும்பாலானோர் இதற்குள் வர மாட்டார்கள். ஆனால் பொருளை வெளிமாநிலத்துக்கு விற்றால் பொதுவாக இந்த வரம்பு பொருந்தாது, பதிவு தேவைப்படும். ஆன்லைன் விற்பனைத் தளங்களைப் பொறுத்தவரை, 2023 அக்டோபர் முதல் ஜிஎஸ்டி பதிவு இல்லாத சிறு வியாபாரிகளும் மாநிலத்துக்குள் விற்க, ஜிஎஸ்டி தளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும்.

உத்யம் பதிவு செய்து வைப்பது நல்லது. ஆதார், பான் இருந்தால் போதும். கட்டணம் கிடையாது. வங்கியில் தொழில் கடன் கேட்கும்போது இந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். கூகுளில் தேடினால் அரசு தளம் மாதிரியே இருக்கும் தனியார் தளங்கள் வந்து ஆயிரம், ரெண்டாயிரம் கேட்கும். பணம் கேட்டாலே அது அரசு தளம் இல்லை என்று புரிந்துகொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

அரசு உதவி என்னென்ன?

சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம், தமிழ்நாடு சமூக நலத்துறையின் கீழ் இருக்கிறது. கைம்பெண்கள், கணவரால் கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழ்மை நிலையில் உள்ள பெண்களுக்கானது. தையல் பயிற்சிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் வேண்டும். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மத்திய அரசு 2023-ல் தொடங்கிய பிஎம் விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தையலும் உண்டு. குலத்தொழில் முறையை ஊக்குவிக்கும் என்று சொல்லி அன்றைய தமிழ்நாடு அரசு அதை ஏற்கவில்லை. அதற்குப் பதிலாக 2025-ல் வந்ததுதான் கலைஞர் கைவினைத் திட்டம். அதன் அறிவிப்பின்படி 35 வயது நிரம்பியவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் வரை மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் தற்போதைய நிலையைக் கேட்டுக்கொள்ளலாம். சின்னத் தொகை போதும் என்றால் முத்ரா கடனில் 'சிஷு' பிரிவில் பிணை இல்லாமல் 50,000 ரூபாய் வரை கேட்கலாம்.

பலருக்கும் தெரியாத இன்னொன்று, தையல் தொழிலாளர்களுக்கென்று தனி நல வாரியம் இருக்கிறது. 18 வயதிலிருந்து 60 வயது வரை பதிவு செய்யலாம். பிள்ளைகள் படிப்பு, விபத்து, கண் கண்ணாடி என்று உதவிகள் உண்டு, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியமும் உண்டு. மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். 20 வருஷம் தைத்தும் 'நான் சும்மா வீட்டுலதான் இருக்கேன்' என்று சொல்லிக்கொள்பவர்கள்தான் இதில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறார்கள்.

உஷார்!

"பிரதமர் இலவச தையல் மெஷின் திட்டம், எல்லாப் பெண்களுக்கும் உண்டு, இந்த லிங்கை அழுத்துங்க" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் தொடாதீர்கள். இப்படிப் பரவிய தகவலை மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவே போலி என்று சொல்லியிருக்கிறது.

இன்னொரு வகை: "வெட்டிய துணி நாங்களே தர்றோம், தைச்சுக் கொடுங்க, பீஸுக்கு இவ்வளவு, முதல்ல டெபாசிட் 5,000 கட்டுங்க." பணத்தைக் கட்டிய பிறகு துணியே வராது. வந்தாலும், தைத்துக் கொடுத்த அத்தனையையும் 'குவாலிட்டி சரியில்லை' என்று தள்ளிவிட்டு டெபாசிட்டை எடுத்துக்கொள்வார்கள். உண்மையான ஜாப் ஒர்க் கொடுப்பவர்கள் உங்களிடம் ஒரு சாம்பிள் தைக்கச் சொல்லிப் பார்ப்பார்கள், பணம் கேட்க மாட்டார்கள். பணம் போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் அந்தக் கணக்கிலிருந்து கைமாறும் முன்பு முடக்க அவ்வளவு வாய்ப்பு இருக்கிறது.