கூட வந்தவருக்கும் சிகிச்சை

குடிக்கிறவர் இருக்கும் வீட்டில் செய்து பார்க்காத வைத்தியம் இருக்காது. பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்குவார்கள். மந்திரித்துத் தாயத்து கட்டுவார்கள். 'அவருக்கே தெரியாமல் குடியை நிறுத்தலாம்' என்ற விளம்பரத்தை நம்பி ஏதோ ஒரு பொடியை வாங்கிச் சாம்பாரில் கலப்பார்கள். அந்தப் பொடியில் டைசல்பிராம் என்ற மருந்து இருந்து, அதன்மேல் அவர் குடித்துவிட்டால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். எல்லாம் அன்பினால் செய்வதுதான். இவர்களை உட்காரவைத்து, எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்று சொல்லித்தர ஆள் கிடைப்பதுதான் அரிதாக இருந்தது.

அடையாறு இந்திரா நகரின் டி.டி.கே. மருத்துவமனை அந்த வேலையைக் கையில் எடுத்தது. அது பிறந்தது ஒரு வீட்டுத் துக்கத்தில். மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் ரங்கநாதன், 1979-இல், இளம் வயதிலேயே குடிநோய்க்குப் பலியானார். பணத்துக்கும் செல்வாக்குக்கும் குறைவில்லாத குடும்பம். அங்கேயே அவரைக் காப்பாற்ற வழி தெரியவில்லை என்றால் மற்ற வீடுகளின் கதியை எண்ணிப் பாருங்கள்.

அந்நாளில் இப்படியொரு சாவு நேர்ந்தால் 'மஞ்சள் காமாலை' என்று சொல்லி மூடிவிடுவதுதான் வழக்கம். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் மூடி மறைக்கவில்லை. மாமனார் டி.டி. நரசிம்மனின் துணையோடு 1980-இல் குடிநோய்க்கென ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, அதற்குக் கணவரின் பெயரையே வைத்தார்: டி.டி. ரங்கநாதன் கிளினிக்கல் ரிசர்ச் பவுண்டேஷன். டி.டி.கே. மருத்துவமனை இதனுடையதுதான். இளம் விதவை ஒருத்தி இதை ஊரறியச் செய்ததை நான் பெரிய துணிச்சலாக நினைக்கிறேன். அடுத்த ஆண்டே, 1981-இல், தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டுக் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் திறந்தன. 1983-இல் டாஸ்மாக் வந்தது.

சாந்தி பயிற்சி பெற்றது அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் ஹேசல்டன் மையத்தில். குடும்பத்தையும் சிகிச்சைக்குள் சேர்க்கும் எண்ணம் அங்கே வேரூன்றியிருந்தது. அதன் பின்னே இன்னொரு மனைவியின் கதை இருக்கிறது. 1935-இல், குடியை விட நினைப்பவர்களுக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் பில் வில்சன். குடியை விட்டபின் ஒருநாள் அவர் கூட்டத்துக்குக் கிளம்பச் சொல்லி அவசரப்படுத்தியபோது, மனைவி லோயிஸ் கோபத்தில் செருப்பைத் தூக்கி எறிந்தார். எறிந்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. கணவர் தெளிந்துவிட்டார், இத்தனை வருஷம் அவரைச் சுமந்த தனக்குள்தான் ஏதோ புண்ணாகிக் கிடக்கிறது. குடும்பத்தினருக்கான அல்-அனான் அமைப்பை 1951-இல் உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர்.

குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்ப்பதற்கு நம் நாட்டிலும் ஒரு முன்னோடி உண்டு. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனை நோயாளிகளால் நிரம்பி வழிந்தபோது, டாக்டர் வித்யா சாகர் வளாகத்திலேயே கூடாரம் போட்டு, உறவினர்களை நோயாளிகளோடு தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யும் குடும்பத்தோடு சேர்த்துப் பார்க்கும் முறையை வளர்த்தது. நம் ஆஸ்பத்திரிகளில் கூட இருப்பவர் என்றைக்கும் உண்டு. பிளாஸ்கில் காபி வாங்கிவருவார், மெடிக்கலுக்கு ஓடுவார், வராந்தாவில் பாய் விரித்துப் படுப்பார். அவரிடம் யாரும் எதையும் விளக்குவதில்லை, அவரை எதுவும் கேட்பதுமில்லை.

அடையாற்றில் கேட்டார்கள். முதலில் நோயாளியின் உடம்பைத் தேற்ற வேண்டும். திடீரென்று குடியை நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். மருந்தில்லாமல் அதைக் கடப்பது ஆபத்து. பிறகு கவுன்சலிங், குழுவாகப் பேசுதல். இதோடு குடும்பத்தினருக்கென்றே இரண்டு வார நிகழ்ச்சி வைத்தார்கள். மனைவியும் அம்மாவும் அங்கே கற்றுக்கொள்வது கடினமான பாடம். 'அவருக்குக் காய்ச்சல் சார்' என்று ஆபீசுக்குப் போன் செய்வதும், கடன்காரனுக்குத் தன் வளையலை விற்றுக் கொடுப்பதும் குடி தொடரவே வழிசெய்கின்றன. புருஷனைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு இது எவ்வளவு வலிக்கும்! 'உன்னால் அவர் குடிக்கவில்லை' என்பதும் அங்கேதான் அவள் காதில் விழுகிறது. 'நீ சரியாக இருந்தால் அவன் ஏன் குடிக்கிறான்' என்ற பேச்சை மாமியார் வீட்டில் பல வருஷம் கேட்டவளுக்கு அதுவே பாதி மருந்து.

வேலை அடையாற்றோடு நிற்கவில்லை. 1989-இல் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டார்கள். நோயாளி ஊரை விட்டு வராமல் ஊர்க்காரர்களின் கண்முன்னே குணமானார். இடம் கொடுத்து ஒத்தாசை செய்த ஊரும் சிகிச்சையில் பங்குகொண்டது. சாந்திக்கு 1992-இல் பத்மஸ்ரீ வந்தது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். குடிக்கிறவர் சிகிச்சைக்கு வர மறுக்கிறார் என்பதற்காக வீட்டில் உள்ளவர் காத்திருக்க வேண்டியதில்லை. அல்-அனான் கூட்டங்கள் சென்னையிலும் நடக்கின்றன. கட்டணம் கிடையாது, முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை, கணவரை அழைத்து வா என்று யாரும் கேட்கமாட்டார்கள். மனைவி மட்டும், அம்மா மட்டும், வளர்ந்த பிள்ளை மட்டும் போகலாம்.